மடங்கிய முழங்காலின் அளவு

ஓலாவ் ராஜா உயிரோடிருந்தபோது எங்கள் தாத்தன்மாரிடம் வரி வாங்கினார். போரில் வெட்டுப்பட்டுப் புனிதரான பின் மெழுகு வாங்குகிறார். டென்மார்க், இங்கிலாந்து மாலுமிகளும் புயலில் அவர் பேரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன பனிக்காலத்தில் என் மகள் ஓஸ்னி காய்ச்சலில் கிடந்தாள். வலியில் முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டிப்போயின. பிள்ளை பிழைத்தால் அவள் நீளத்துக்கு மெழுகுத்திரி ஏற்றுவதாக என் மனைவி கீரித் நேர்ந்துகொண்டாள். நூல் பிடித்து அளந்தவன் நான். மடங்கின கால் போகிற வழியே நூலை வளைத்து அளந்திருக்க வேண்டும். உச்சந்தலையிலிருந்து குதிகாலுக்கு நேராக இழுத்து அறுத்துவிட்டேன். கல் சுமக்கிறவனுக்கு மெழுகு விலை தெரியும். கீரித் அடுப்பண்டை அழுதுகொண்டிருந்தாள், பார்க்கவில்லை.

பிள்ளை பிழைத்தாள். ராஜாவின் கோடைத் திருநாளில், அந்த நூலையே திரியாக வைத்து வார்த்த மெழுகுத்திரியை எடுத்துக்கொண்டு அவர் கோயிலுக்குப் போனோம். காணிக்கை வாங்கி வைக்கிற கோயில்பிள்ளை போர்ட் அதை ஓஸ்னிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். அவள் மார்பைத் தாண்டவில்லை.

"என்னய்யா, ராஜா பாதிப் பிள்ளையத்தான் பொழைக்க வச்சாராக்கும்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆறு மாசத்துல வளந்துட்டா," என்றேன்.

"இம்புட்டு வளரவா? பார்லிக் கஞ்சிதான ஊத்துன, திமிங்கலத்தையா ஆக்கிப் போட்ட?"

கீரித் சிரிக்கவில்லை. யாரோ பறிக்க வருகிற மாதிரி ஓஸ்னியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஏங்க, எப்படி அளந்தீங்க?"

சொல்லிவிட்டேன்.

"ஒரு முழ மெழுகுக்காகவா? மிச்சப் பிள்ளைய அவரு திருப்பிக் கேட்டா என்ன செய்வீங்க?"

போர்ட்டுக்கே பொறுக்கவில்லை. "அட, கால நிமித்தி விட்டதே அவருதானம்மா. மொடங்கிக் கெடந்த அளவு நோயோட அளவு. குடுத்துட்டுப் போங்க."

"நோயோட அளவு இல்லண்ணே, இவரு மனசோட அளவு." திரியை என் கையில் திணித்தாள். "திரி நிறுத்துற தண்டுல வைக்காதீங்க. எரிஞ்சு முடியற மட்டும் நீங்களே புடிச்சுட்டு நில்லுங்க. கொறஞ்ச மெழுகுக்கு ஈடு நீங்க."

பீடத்தின் முன் நின்றேன். கல்லுக்குப் பழகின கைக்கு இது ஒரு கனமா என்று நினைத்தேன். உச்சிப்பொழுதுக்குள் தோள் நடுங்கியது. உருகினது விரல்களில் வழிந்து உறைந்தது. மரத்தில் செதுக்கிய ராஜா, தன்னை வெட்டிய கோடாலியோடு, எனக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓஸ்னி ஓடி வந்தாள். "அப்பா, கை மாத்திக்கோங்க."

"வேணாம்டா. நீ போய் வெளையாடு."

கீரித் தூணோரம் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி விரற்கடை எரியும்போது எழுந்து வந்து, என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள்.

"சுடும்," என்றேன்.

"சுடட்டும்," என்றாள்.