வெளியேறு என்றொரு பட்டன்

எங்கள் பள்ளிக்கூடங்களின் சர்வர் புதுக்கோட்டையில் இருக்கிறது. அதைக் கட்டி மேய்ப்பவன் நான், பிராங்க்ளின். கிளைகளில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். வேலை முடிந்தால் அதற்கென்று இருக்கும் பட்டனை அமுக்கித்தான் வெளியே வர வேண்டும். திரை மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி மூடினால் வெளியே வந்ததாக அர்த்தமில்லை. பஸ் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன கதைதான். ஆளும் இருக்காது, இடமும் கிடைக்காது.

குன்றாண்டார்கோவில் கிளையில் இருக்கும் பிரகதீஸ்வரி தினமும் இப்படித் துண்டு போடுகிறவர். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். போன வாரம் தாளாளரே, "இன்னொரு தடவ அந்தம்மாவால அடைச்சுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

இன்று தேர்வுக்கு மாணவர்களின் பெயர் பதியக் கடைசி நாள். ஐந்து மணி வரைதான் நேரம். நாலரைக்குக் கந்தர்வக்கோட்டைக் கிளையிலிருந்து சரண்யா போனில் கத்தினாள்: "சார், உள்ள விடமாட்டேங்குது!"

ஒரு இடத்தில் இன்னொரு கிளையின் ரகுநாத் பதிந்துகொண்டிருந்தான். இன்னொன்றில் வேறு யார்? பிரகதீஸ்வரி அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. இங்கிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றினால் அவர் சேமிக்காமல் விட்டதெல்லாம் போய்விடும்.

நல்லவேளை, இன்னொரு மென்பொருள் இருந்தது. அது தனி இடம் தராது. அங்கே மேசையில் இருக்கும் திரையையே இங்கே காட்டும். அதன் வழியாகக் குன்றாண்டார்கோவில் கணினியைப் பிடித்து, அவர் விட்ட இடத்துக்கே போய், பாதியில் நின்ற பட்டியலைச் சேமித்துவிட்டு முறையாக வெளியே வந்தேன். சரண்யா நாலு ஐம்பத்தெட்டுக்கு முடித்தாள். அப்பாடா!

ஐந்தரைக்குப் பிரகதீஸ்வரியே கூப்பிட்டார். பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பட்டன அமுக்குறதுக்கு ஒங்களுக்கு என்னம்மா கேடு?"

"அதுல ‘வெளியேறு’ன்னு போட்டுருக்கு சார்."

"ஆமா, நாந்தான் எல்லாத்தையும் தமிழ்ல மாத்துனேன். அதுக்கென்ன?"

"புருசன் வீட்டுல ‘வெளிய போடி’ன்னுதான் அனுப்புனாங்க. இங்கயும் தெனம் கெளம்பையில அதையே அமுக்கணும்னா கை வரமாட்டேங்குது சார். தப்புத்தான்."

எனக்கு இத்தனை நாள் திட்டியதை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

"‘போயிட்டு வாரேன்’னு மாத்தித் தந்தா அமுக்குவீங்களா?"

"அத அமுக்காம வீட்டுக்கே போகமாட்டேன் சார்" என்றார், மூக்கை உறிஞ்சியபடி.

அவர் வைத்ததும் தாளாளரிடமிருந்து போன்.

"இன்னைக்கும் அடைச்சுச்சாமே பிராங்க்ளின்? உள்ள யாரு இருந்தது?"

"நான்தான் சார். வெளிய வர மறந்துட்டேன்."