போதும் என்று சொல்லத் தெரியாத மருந்து

அந்த ஆய்வுக்கூடத்தில் முதல் எதிரி மனிதனின் விரல். விரல் வியர்வையில் இருக்கும் நொதி பட்டால் போதும், பாடுபட்டுச் செய்த ஆர்.என்.ஏ. கண் மூடித் திறப்பதற்குள் துண்டு துண்டாகிவிடும். கையுறை மாட்டாமல் குழாயைத் தொட்டவர்களை, அங்கே ஆராய்ச்சி செய்துவந்த அவள் ஒரு வழி பண்ணிவிடுவாள். அதனால் அவளுக்குக் 'கையுறை அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனாலும் காதுக்கு எட்டாமல் இருக்குமா? எட்டியது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் போகும் ஒரு கட்டளை, அவ்வளவுதான். மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசை மறுபடி வளராது, அந்த இடத்தில் தழும்புதான் விழும். 'பிரிந்து பெருகு' என்று பக்கத்துத் தசைச் செல்களுக்குச் சொல்கிற ஓர் ஆர்.என்.ஏ.வை இவர்கள் செய்திருந்தார்கள். சீக்கிரமே கரைந்துபோகிற அதைக் கரையவிடாமல் வைத்ததுதான் அவள் மேலதிகாரியின் சாமர்த்தியம். அவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். வைரஸ் ஒன்றுக்குள் அந்தக் கட்டளையை ஒளித்து இதயத்துக்குள் அனுப்பினார். அது அங்கேயே குடியேறி, சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். மாரடைப்பு வந்த ஆடுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கிவிட்டது. அந்த ஸ்கேன் படத்தைப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

கலங்காமல் என்ன செய்யும்? வீட்டில் அப்பா இருந்தார். பஸ் டிரைவர். ஸ்டீயரிங்கில் இருக்கும்போதே நெஞ்சு அடைத்து, வண்டியை ஓரங்கட்டி, கை பிரேக்கைப் போட்டுவிட்டு அதன் பிறகுதான் சாய்ந்தவர். பயணிகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவர் இதயத்தில்தான் பாதி போய்விட்டது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. பிழைத்து வந்தபின் அவர் தெருவில் இறங்கவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற டிரைவர்களுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் பாஸாகவில்லை. மகளின் ஊசி எப்போது வரும் என்பது ஒன்றுதான் அவர் கேட்கிற கேள்வி.

பிறகு ஆடுகள் சாகத் தொடங்கின. நோயில்லை, நொடியில்லை. நின்று தீவனம் தின்றுகொண்டிருக்கும்போதே பொத்தென்று விழுந்தன. இதயத்தை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் அவள்தான். நல்ல தசைக்கு நடுவே முதிராத இளம் செல்கள் கும்பல் கும்பலாக நின்றன. இதயத்தைத் துடிக்கவைக்கிற மின்சாரத்துக்கு வழிவிடாமல் அவை மறித்ததில் துடிப்பு தாறுமாறாகி, இதயம் நின்றிருக்கிறது. பெருகச் சொன்னவர்கள், போதும் என்று சொல்ல ஏற்பாடு செய்யவில்லை. அன்றைக்கு அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆர்.என்.ஏ. அழியக் கூடாது, அழியக் கூடாது என்று காவல் காத்த பழக்கத்தில், அழியாவிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் யாருமே யோசிக்கவில்லையே.

பெரிய டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. கொட்டகையில் ஏதோ காய்ச்சல் என்றார். அறிக்கை முதல் மாதத்தோடு முடியட்டும், மனிதர்களுக்குப் போட மருந்துச் சோதனைக் குழு அனுமதி கொடுத்துவிடும் என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னார்.

"முதல் ஊசி உங்க அப்பாவுக்குத்தான். நான் பாத்துக்கறேன்மா."

எங்கே அடித்தால் வலிக்கும் என்று மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. அவள் வீட்டுக்கு வந்து, ஆடுகளுக்கு நேர்ந்ததை அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். இந்த ஊசி வேண்டாம், நான் தடுக்கப்போகிறேன் என்றாள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"என் நெஞ்சு, என் உசிரு. வேணாம்னு சொல்ல நீ யாரு?"

"உங்க பொண்ணு. அந்த ஆடுங்கள அறுத்துப் பாத்தவ."

இப்படி உட்கார்ந்தே சாவதற்கு அப்படி நின்றுகொண்டு சாவது மேல் என்று அவர் கத்தினார். மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தாள். வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னது நியாயமாகவும் இருந்ததுதான் அவளை வதைத்தது. ஊசி இல்லாவிட்டாலும் அவருக்கு நாள் அதிகமில்லை.

குழு கூடியது. பெரிய டாக்டர் தழும்பு சுருங்கிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவி சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். அவள் எழுந்தாள்.

"உட்காரும்மா," என்றார் பெரிய டாக்டர்.

"உட்கார மாட்டேன் சார்."

செத்த ஆடுகளின் படங்களை மேஜையில் பரப்பினாள். அப்படியானால் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று தலைவி கேட்டார். கூடாது என்றாள். தன் வெறும் விரலை உயர்த்திக் காட்டினாள்.

"இது பட்டா ஆர்.என்.ஏ. அழிஞ்சிடும்னு இத்தனை வருஷம் பயந்தோம். அழியறதுதான் அதோட நல்ல குணம். வைரஸ் வேணாம், வெறும் ஆர்.என்.ஏ.வா குடுப்போம். சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு, சில நாள்ல கரைஞ்சு போகட்டும்."

அனுமதி நின்றுபோனது. புதிதாகச் செய்து, ஆடுகளை நீண்ட காலம் பார்த்துவிட்டு வரும்படி உத்தரவானது. வெளியே வந்ததும் பெரிய டாக்டர் கையை நீட்டி, கூடத்தின் சாவியைக் கேட்டார்.

"தர மாட்டேன் சார். வேலைய விட்டு எடுக்கறதா இருந்தா, என்ன காரணம்னு எழுதிக் குடுங்க."

எழுதக்கூடிய காரணமா அது? அவர் கையை மடக்கிக்கொண்டு போனார்.

வீடு திறந்து கிடந்தது. ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அடுக்களையிலும் இல்லை, குளியலறையிலும் இல்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது. திரும்பி வெளியே ஓடி வந்தபோது மேலே இருமல் கேட்டது. மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டில், பாதி வழியில், சட்டையெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தார் அப்பா.

"ஊசி கிடையாதுன்னுட்ட. அப்ப இருக்கற வண்டியத்தானே ஓட்டணும்?"

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். பழைய மருந்து ஏன் கொன்றது, புதியது ஏன் தானாக நின்றுவிடும் என்று சொன்னாள். எத்தனை நாளாகும் என்று கேட்டார். வருஷங்கூட ஆகும் என்றாள், பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நிக்கத் தெரியாத வண்டியவா எனக்குக் குடுக்கப் பாத்தாரு அந்த ஆளு?" என்றார். "நீ போய் பிரேக் வச்சு எடுத்துட்டு வா. அதுவரைக்கும் நான் சாகறதா இல்ல."

கீழே போகலாம் என்று அவர் கையைப் பிடிக்கப் போனாள். தட்டிவிட்டார். கம்பியைப் பிடித்து எழுந்து, மேலே இருந்த படியில் ஒரு காலை வைத்தார்.