டயர் உதைக்கிறவர்

டிப்போவில் அவருக்கு 'டயர் அண்ணன்' என்றே பெயர். கேட்டிலிருந்து சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக இருபது பஸ் நிற்கும். இருபதாவதுதான் அவர் ஓட்டுவது. போகிற வழியில் ஐந்து பஸ்ஸுக்கு ஒருமுறை நின்று டயரை ஓர் உதை உதைப்பார். இந்தக் கடமை உணர்ச்சிக்காக மேனேஜர் அவரைக் கூட்டத்தில் புகழ்ந்தார். நல்ல கூத்து. மனுஷனுக்கு நடந்தால் கெண்டைக்கால் முறுக்கிப் பிழியும், நின்றால் விட்டுவிடும். நிற்க ஒரு சாக்கு வேண்டாமா?

மனைவி கண்டுபிடித்தது கடைத்தெருவில். அங்கே உதைக்க டயர் இல்லை, அதனால் துணிக்கடை பொம்மையை வெறித்துக்கொண்டு நின்றார்.

"இருபத்தெட்டு வருஷத்துல எனக்கு ஒரு துணி பார்த்து எடுத்ததில்ல. பொம்மைகிட்ட என்ன பேச்சு? கால் வலிக்குதா?"

மறுவாரமே டிப்போ டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார் டாக்டர்.

"கையில இருக்கறதுல முக்கால்வாசிகூட கால்ல இல்ல. ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சு. சிகரெட், சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, நாலும் கூட்டு சேர்ந்து பண்ண வேலை. சர்க்கரை டெஸ்டுக்காக மூணு நாள் வாயைக் கட்டினீங்களாமே? அது மூணு மாசத்து சர்க்கரையைச் சொல்ற ரத்த டெஸ்ட், ஏமாத்த முடியாது."

"பிரேக் மிதிக்கிற கால், டாக்டர்."

"சிகரெட்டை இன்னிக்கே விடுங்க, மாத்திரையை விடாதீங்க. வலிக்கிறவரை நடங்க, நில்லுங்க, விட்டதும் மறுபடி நடங்க. மூணு மாசத்துல தேறலேன்னா நீங்க ஸ்டியரிங் பிடிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஸ்டியரிங் இல்லாமல் அவர் யார்?

தினமும் நடந்தார். மனைவியும் கூடவே வந்தாள். முதல் மாதம் ஒரு சிகரெட்டைத் திருட்டுத்தனமாகப் பிடித்து மாட்டிக்கொண்டார். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுதான் கடைசி சிகரெட். நிற்கிற இடம் ஐந்தாவது பஸ்ஸிலிருந்து எட்டுக்கு நகர்ந்தது, பிறகு பன்னிரண்டுக்கு.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒருநாள் காலை, மெக்கானிக் பஸ்ஸுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"என்னண்ணே, இன்னிக்கு ஒரு டயரையும் உதைக்கல? யார்மேல கோபம்?"

அவர் திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது பஸ்ஸும் அவருக்குப் பின்னால் நின்றன. வீட்டுக்கு போன் போட்டார்.

"நடுவுல ஒரு இடத்துலகூட நிக்கல," என்றார்.

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி," என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை அந்தத் துணிக்கடைக்குப் போறோம். இந்தத் தடவை உள்ள வரணும்."