மரகதம் யாரு?

பேங்க் கவுன்ட்டர் பெண் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று ஆதார். இன்னொன்று, நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த ஹவில்தார் வெங்கடேசனின் பென்ஷன் ஆர்டர்.

"இதுல மனைவி பேரு மரகதம்னு இருக்கு. உங்க பேரு..." உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "மண்ணாங்கட்டியா?"

"ஆமா. மண்ணாங்கட்டி."

"அப்ப மரகதம் யாரும்மா?"

அதுதானே கேள்வி! ஒரகடத்துக் கம்பெனியின் ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மோடு ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்த மண்ணாங்கட்டி, ஆர்டரைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன். பதினேழு வருஷம் பட்டாளம், அப்புறம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. பட்டாளத்தில் இருந்தபோது, கல்யாணமான புதிதில் மூன்று மாதம் போக, லீவுக்கு லீவுதான் முகத்தைப் பார்த்தது. வடக்கே என்ன நடந்ததென்று யார் கண்டது?

அவள் பேருக்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. நாலாவதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று யாரும் ஆசைப்படாத பேராகப் பார்த்து வைத்தார்கள். இடது காது மடலின் ஓரத்தையும் லேசாக நறுக்கி விட்டார்கள். மூளியான பிள்ளையை எமன் தொடமாட்டானாம். அவன் தொடவில்லை. பாழாய்ப்போன ஊர்தான் ஐம்பத்திரண்டு வருஷமாகப் பேரைச் சொல்லிச் சிரித்தது.

அவள் வாலாஜாபாத் பஸ்ஸில் ஊர் வந்து இறங்குவதற்குள் சேதி தெருவுக்கு வந்துவிட்டது. "வடக்க ஒண்ணு வச்சினு இருந்திருப்பாரு, வேற இன்னா?" என்றாள் ஓரகத்தி செந்தாமரை. "எப்படியும் நீ வேலைக்குப் போற. வேலை செய்யறவளுக்கு பென்ஷன் குடுக்க மாட்டாங்கோ, வுடு."

ஜெராக்ஸ் கடை மாரிக்கு வேறு யோசனை. "யக்கா, சிம்பிள் மேட்டர். மரகதம் மூத்த சம்சாரம், செத்துப்பூட்டா, நான் ரெண்டாவதுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"செருப்பு பிஞ்சிடும்! யாருன்னே தெரியாத ஒருத்திக்குப் பின்னாடி நான் போயி நிக்கணுமா?"

வீட்டில் மாலை போட்ட படத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். "சொல்லுய்யா. யாரு அவ?" படம் மீசையோடு சிரித்தது.

மகள் மதிவதனி செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறாள். "விட்ரும்மா. எனக்குத்தான் சம்பளம் வருதே."

"உன் சம்பளம் உனுக்கு. இது எனக்கும் அவருக்கும் நடுவுல கீற விஷயம். அவ யாருன்னு தெரியாம நான் வுட மாட்டேன்."

வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு லீவு. அதில் காஞ்சிபுரம் போய், முன்னாள் படைவீரர் ஆபீஸில் வேலை பார்க்கும் சாம்சன் முன்னால் உட்கார்ந்தாள். அவரும் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர்.

"பென்ஷன் வாங்கினவர் இறந்துட்டா, அவர் சம்சாரத்துக்குக் குடும்பப் பென்ஷன் உண்டும்மா, ஆயுசு முழுக்க. நீங்க வேலைக்குப் போறதால அது நிக்காது. யாரும் போடற பிச்சை இல்ல, உங்க உரிமை. ஆனா அந்த சம்சாரம் நீங்கதான்னு காட்டணும்." வெங்கடேசனுடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதிப் போட்டார்.

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். "தபால் வந்தா போன் பண்றேம்மா" என்றார் சாம்சன். "நானே வந்து பாத்துக்கறேன் சார்" என்றாள். ஐந்தாவது தடவை போனபோது கவர் வந்திருந்தது.

உள்ளே தம்பதி படம் ஒன்று இருந்தது. ஜெராக்ஸில் இரண்டு முகமும் தீய்ந்த தோசையாகக் கிடந்தன. மண்ணாங்கட்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்; யாரென்று தெரியவில்லை. சாம்சன் அடுத்த தாளைத் திருப்பினார்.

"பென்ஷன் போறப்ப சம்சாரத்தோட அங்க அடையாளமும் எழுதித் தரணும். படிக்கிறேன். மனைவி பேர் மரகதம். உயரம் நாலடி பத்தங்குலம். அடையாளம்..." நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்தார். "இடது காது மடல் ஓரத்தில் நறுக்கு."

தலையில் போட்டிருந்த முந்தானையை மண்ணாங்கட்டி மெல்ல விலக்கினாள். சாம்சன் காதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி காதைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு ஜபல்பூர் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் குவார்ட்டர்ஸில் மூன்று மாதம் இருந்தாள். அங்கிருந்த இந்திக்காரப் பெண்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் "மர்கத் ஜி, மர்கத் ஜி" என்பார்கள். இந்தியில் அண்ணிக்கு அதுதான் வார்த்தை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஊருக்கு வந்து செந்தாமரையைக்கூட ஒரு தடவை பெருமையாக "மர்கத் ஜி" என்று கூப்பிட்டிருக்கிறாள்! அர்த்தம் கேட்டதற்கு அந்தப் படுபாவி மனுஷன், "மரியாதையா கூப்புடறாங்க" என்றான். மரகதம்தான் அவர்கள் வாயில் மர்கத் ஆகியிருக்கிறது; பட்டாளத்தில் பெண்டாட்டி பேர் என்று அவன் சொல்லி வைத்திருந்ததே அதுதான்.

சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் அழுகையும் வந்தது. "எம் பேரைச் சொல்ல உனக்கு அவ்ளோ வெக்கமாய்யா? முப்பது வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாது?" கோபம் கோபமாகவே இருந்தது. ஆனால் ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த வடக்கத்திக்காரி எழுந்து போய்விட்டாள்.

சாம்சன் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பேரும் ஒருத்திதான்னு பிரமாணப் பத்திரம் போடுவோம். இல்ல, உங்க பேரையே மரகதம்னு மாத்திக்கலாம். கெசட்ல போட்டா முடிஞ்சுது. நல்லாவும் இருக்கும்."

"வாணாம் சார். எமனே தொடாத பேரு அது. பட்டாளத்துக்கிட்ட அவரு மறச்சாரு இல்ல? அந்தப் பட்டாளமே எழுதட்டும், மண்ணாங்கட்டின்னு."

பிரமாணப் பத்திரம், தாசில்தார் சான்று, கையெழுத்து என்று இன்னும் ஏழு லீவு போயிற்று. ஒன்றைக்கூட அவள் வீட்டில் படுத்துக் கழிக்கவில்லை. திருத்தின ஆர்டர் வந்த வாரம், பேங்க்கில் கூட்டம் நெரிந்தது.

"மண்... மண்ணாங்கட்டி" என்று கவுன்ட்டர் பெண் தணிந்த குரலில் கூப்பிட்டாள். வரிசையில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

மண்ணாங்கட்டி நாற்காலியை விட்டு அசையவில்லை. முந்தானையை விலக்கிக் காதைக் காட்டினாள்.

"காது மூளிம்மா, கேக்கல. அதுல எழுதியிருக்கறத முழுசா, சத்தமாப் படி."

அந்தப் பெண் காகிதத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பேங்க் முழுக்கக் கேட்கும்படி படித்தாள்.

"ஹவில்தார் வெங்கடேசன் மனைவி, மண்ணாங்கட்டி!"

"நான்தான்" என்று எழுந்து போனாள்.