உடனே பேசும் லேப்டாப்

"முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா?" என்று லினக்ஸ் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டது. அண்ணனின் லேப்டாப் முன்னால் பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்து, ஆமாம் என்று தட்டியவன் நான்தான்.

முன்யோசனை இல்லாமல் தட்டவில்லை. போட்டோ, வீடியோ, இன்சூரன்ஸ் பேப்பர் என்று அண்ணன் விட்டுப்போன எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் ஏற்றி, சரிபார்த்து, மறுபடியும் சரிபார்த்திருந்தேன். மிச்சம் இருந்தது பழைய சிஸ்டம் மட்டும். அது ஆமை. திறந்தால், நாம் டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைக்கிற வரைக்கும் யோசிக்கும். அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டம் போட்டால் பறக்கும் என்று அண்ணியை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கட்டும் தம்பி, எனக்கு இந்த வேகமே போதும்" என்றார் அண்ணி.

எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன். சிலருக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் உற்சாகம் இருக்கும். எங்கள் குடும்பத்தில் அது நான்.

லினக்ஸ் ஏறியது. பறந்தது. அண்ணி வந்து எட்டிப் பார்த்தார்.

"அவர் பேசுறது எங்க தம்பி?"

ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அவர் "பிரேக்!" என்று கத்தினால் அடுத்த தெரு வண்டியும் நிற்கும். தொண்டையில் ஆபரேஷன் செய்து குரலை எடுத்த பிறகு லேப்டாப்பில் அடிப்பார், அது வாசிக்கும். முதலில் அதில் வந்தது ஒரு பெண் குரல். "வீட்ல இப்ப ரெண்டு பொம்பளைங்க. நான் எங்க பேசறது?" என்று அந்தக் குரலிலேயே அவர் அலுத்துக்கொண்டபோது விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு சுருதியை இறக்கி, வேகத்தைக் குறைத்து, சளி பிடித்த ரேடியோக்காரர் மாதிரி ஒரு குரலைத் தனக்கென்று செய்துகொண்டார். அந்தக் குரலில்தான் அண்ணியிடம் சண்டை போட்டார், சமாதானமானார், என்னை மடையா என்றார். போன மழைக்காலத்தோடு அதுவும் நின்றது.

அந்தக் குரல் ஃபைல் இல்லை, காப்பி எடுத்துவைக்க. சிஸ்டத்தோடு வந்தது, சிஸ்டத்தோடு போனது. பழையதையே திரும்பப் போடப் பார்த்தேன். அந்தப் பதிப்பும் அந்தக் குரலும் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.

"உங்களை யாராவது கூப்பிட்டாங்களா?" என்றாள் என் மனைவி. "கல்யாணத்தன்னைக்கே உங்கண்ணன் எங்கிட்ட சொன்னாரு, இவன் கையில ஸ்க்ரூ டிரைவர் மட்டும் குடுத்துடாதம்மான்னு."

லேப்டாப் குரலில் அண்ணன் பேசுகிற பழைய வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, லினக்ஸில் கிடைத்த ஒரு குரலை அதற்குப் பக்கத்தில் வைத்துத் திருகினேன். சுருதி, வேகம், வார்த்தைக்கு நடுவில் இழுவை எல்லாவற்றையும். கடைசியில் ஒருநாள் அது "மடையா" என்றபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு அண்ணியிடம் ஓடினேன்.

அண்ணி ஏதோ அடித்தார். என் பக்கம் திரை தெரியாமல் திருப்பிக்கொண்டார். குரல் வந்தது. அண்ணியின் பெயரைக் கூப்பிட்டது.

"நல்லா இருக்கு தம்பி" என்று மூடி வைத்தார்.

இன்னும் கொஞ்சம் திருகிக்கொண்டு அடுத்த வாரமும் போனேன். அப்போதும் அதே நல்லா இருக்கு, அதே மூடல்.

"அண்ணி, திட்டணும்னா திட்டிடுங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. குரல் ஒத்துவரலையா?"

"குரல் அப்படியேதான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

மூடிய லேப்டாப் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அவர் அடிச்சு முடிச்சா அது உடனே பேசாது தம்பி. யோசிக்கும். அது வாய் திறக்கற வரைக்கும் அவர் என் மூஞ்சியையே பாத்துட்டிருப்பாரு, சொன்னதும் நான் சிரிப்பேனா, கோச்சுப்பேனான்னு. அவர் போனப்புறம் தினமும் என் பேரை அடிச்சுட்டு உக்காந்திருப்பேன். கூப்பிடற வரைக்கும் அவர் எதிர்ல உக்காந்து பாத்துட்டு இருக்கற மாதிரியே இருக்கும். அதுக்குத்தான் இருக்கட்டும்னு சொன்னேன். இப்ப நான் விரலை எடுக்கறதுக்குள்ள கூப்பிட்டுடுது. பாக்கறதுக்கு யாரும் இல்ல."