பெற்றவள் பெயர்

“எச்சில் துப்பச் சொல்லவா எல்லை தாண்டி வந்த, வாத்தி? உங்க ஊருல எச்சிலுக்கும் பஞ்சமா?” என்று கேட்டாள் பெர்ஃபெக்தா அக்கா. எல்லைக்கு அப்பால் லிவிங்ஸ்டனில், கடலைப் பார்த்திருந்த அவளுடைய அடுக்களையில், தேங்காய்ப்பாலில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. உரலில் பாதி இடித்த வாழைக்காய் கிடந்தது. எச்சிலைக் குழாயில் எடுப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று சோதனைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததை நான் இருமுறை படித்துக் காட்டினேன். உப்புப் பார்க்க எடுத்த கரண்டியை அவள் வாயருகே நிறுத்தி என்னை முறைத்தாள்.

“சோத்தை முன்னால வச்சுக்கிட்டு வாயைக் கட்டுன்னு சொல்றதுக்குன்னே ஒருத்தன் படகேறி வந்திருக்கான் பாரு. பள்ளிக்கூடத்துல நீ புள்ளைங்களை எப்படி வதைச்சிருப்பேன்னு இப்பத்தானே தெரியுது!”

“எலோதியாவுக்காகத்தான் அக்கா.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அதன்பிறகு அரைமணி நேரமும் இருவரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எலோதியா என் தங்கை மகள். எங்கள் ஊர் டங்ரீகாவிலிருந்து தெற்கே செல்லும் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தவள். மாவட்டத்திலேயே அந்த வேலையைச் செய்த ஒரே பெண் என்பதில் எனக்கிருந்த பெருமை அவளுக்கு இருந்ததில்லை. ஒருநாள் பாலத்தருகே பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் மிதிக்கவில்லை. வண்டி வேலியில் மோதி நின்றது, யாருக்கும் காயமில்லை. அதற்குப் பிறகு முழங்கால், இடுப்பு, இப்போது கைவிரல்கள். தலைநகரத்து மருத்துவர்கள் வடக்கே எல்லைக்கு அப்பாலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவர்கள் திருப்பி அனுப்பினார்கள். என் தங்கையும் இதே வரிசையில்தான், காலில் தொடங்கி மூச்சில் முடிந்து, நாற்பது வயதில் போனாள். எலோதியாவுக்கு இப்போது முப்பத்தெட்டு.

மருந்து தோற்ற இடத்தில் எங்கள் மக்கள் எங்கே போவார்களோ அங்கேதான் நானும் போனேன். மூதாதையரை அழைத்துப் பேசுகிறவளான தோமாசா எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். எங்கள் மொழியில் அப்படிப்பட்டவரைப் பூயேய் என்போம். அவள் கிலுகிலுப்பையை ஆட்டி அழைத்தபோது, தாய்வழியில் வெகு தொலைவிலிருந்து ஒரு பெண் வந்தாள். “எல்லாரையும் கூப்பிட்டீங்க. எனக்கும் பசிக்குது,” என்றாள். பெயரைக் கேட்டோம். சொல்லவில்லை. தன் பெயரைத் தன் பிள்ளைகளுக்குத் தானே சொல்லிக்கொடுக்கும் நிலை வருவதை எந்தத் தாய்தான் பொறுப்பாள்? நான் கத்தோலிக்கப் பள்ளிகளில் வேதபாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். இறந்தவர்களுக்குப் பசிக்கும் என்பதில் எனக்கு ஒருநாளும் ஐயம் வந்ததில்லை. உயிரோடிருப்பவர்களின் பேச்சில்தான் எனக்கு எப்போதும் ஐயம்.

பசிக்கிறது என்று சொன்னவளுக்குத் தூகு என்னும் பெருவிருந்து வைக்கவேண்டும். அவளுடைய வழியில் வந்த ஒவ்வொருவரும், எந்த நாட்டில் இருந்தாலும், செம்மஞ்சள் சாயம் தோய்த்த ஆடை உடுத்தி வந்து ஆடவேண்டும். வேறொருத்தியை அழைத்துப் பந்தி வைத்தால், பசித்தவள் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதன்பின் நோயாளியை யாரும் எழுப்ப முடியாது. ஆகவே, அவள் யார் என்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை ரோசால்வா உடனே ஒரு பெயரைச் சொல்லிவிட்டாள்: மார்த்தினா. எங்கள் அம்மாவின் பாட்டி இசபெல். இசபெலின் தாய் மார்த்தினா. ஹோண்டுராஸ் கரையில் இறந்தவள், கல்லறை தெரியாது. “எல்லாம் என் மரத்துல இருக்கு அண்ணே,” என்றாள். இணையத்தில் அவள் வளர்த்திருந்த அந்தக் குடும்ப மரத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர இயலாது. ஒரு கிளையில் தாய் இறந்த பிறகு பிள்ளை பிறந்திருந்தது. இன்னொன்றில் ஒருவன் தன் தந்தையைவிட மூத்தவனாக இருந்தான். யார் எழுதினார்கள் என்று கேட்டால், இன்னொருவர் மரத்தில் இருந்ததாம். அவர் யாரிடமிருந்து எடுத்தார்? மற்றொருவரிடமிருந்து. ஒருவன் செய்த பிழையை நாற்பது பேர் படியெடுத்துவிட்டால் அது வரலாறாகிவிடும் என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? தேவாலயப் பதிவுகளோ புயலில் பாதியும் கரையானில் மீதியுமாகப் போய்விட்டன. மெய்ப்பிக்க எஞ்சியிருந்தது உடம்பு ஒன்றுதான். தாயிடமிருந்து மகளுக்கு மாறாமல் இறங்கும் ஒன்று எச்சிலில்கூட இருக்கிறது என்றார்கள். மார்த்தினாவின் மூத்த மகள் வழியில், மகளுக்கு மகளாக வந்தவள் பெர்ஃபெக்தா அக்கா. இளைய மகள் இசபெலின் வழியில் அப்படியே வந்தவள் எலோதியா. இரண்டும் ஒத்தால் மார்த்தினா எங்களவள். நான் குழாயோடு படகேறிய காரணம் இவ்வளவுதான்.

முடிவு வருவதற்குள் விருந்து நெருங்கிவிட்டது. நியூயார்க்கிலிருந்தும் ஹோண்டுராஸிலிருந்தும் உறவினர்கள் வந்து இறங்கினார்கள். பந்திக்கு மீனும் நண்டும் பிடித்துவர எங்கள் ஆட்கள் தீவுத்திட்டுகளுக்குப் போயிருந்தார்கள். கொல்லையில் பெண்கள் மரவள்ளி மாவைச் சலித்து, கதவகல ரொட்டிகளாகச் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, வந்து இரண்டே நாளான ரோசால்வா கைப்பேசியை நீட்டியபடி என்னிடம் வந்தாள். அவள் முகத்தில் உதட்டுச்சாயம் மட்டும்தான் உயிரோடிருந்தது.

“ஒட்டவே இல்ல அண்ணே.”

“என்ன ஒட்டவில்லை? வாக்கியத்தை முழுசாச் சொல்லு.”

“பெர்ஃபெக்தா அக்காவுக்கும் நம்ம எலோதியாவுக்கும் தாய்வழியில ஒட்டே கிடையாதாம். ரெண்டும் வேற வேற.”

பிழை அக்காவின் பக்கம் இருக்கலாமே என்றேன். இல்லை. மார்த்தினாவின் மூத்த மகள் வழியில் வந்த வேறொருத்தி நியூயார்க்கில் முன்பே சோதித்திருந்தாள். அவளும் பெர்ஃபெக்தாவும் சரியாகப் பொருந்தினார்கள். அறுந்த நூல் எங்களுடையதுதான். நான் லிவிங்ஸ்டனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அக்காவிடம் முடிவைச் சொன்னேன்.

“எங்கம்மா ஒருதரம் சொல்லியிருக்கா வாத்தி. இசபெல் படகுல வந்த புள்ளையாம். மார்த்தினா கையில வாங்கி வளர்த்தாளாம்.”

“இதை ஏன் நீங்க அன்னைக்கே சொல்லல?”

“நல்லா இருக்குடா நீ கேக்கறது! வளர்த்தவளுக்கு முன்னால பெத்தவ பேச்சை எடுப்பாங்களா? உங்கம்மா உனக்கு மரியாதை சொல்லிக் குடுக்கலையா?”

சொல்லிக்கொடுத்திருந்தாள். எங்களில் பிள்ளைகள் வீடு மாறி வளர்வது புதிதன்று. தாய் வேலைக்காகக் கப்பலேறினால், நோயில் விழுந்தால், அல்லது பக்கத்து வீட்டில் பிள்ளையே இல்லையென்றால், குழந்தை கைமாறும். வாங்கியவள் தாயாகிவிடுவாள். அப்புறம் பெற்றவளின் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கமாட்டார்கள். வளர்த்தவளின் மனம் புண்படக்கூடாது; பிள்ளையின் மனம் அலையக்கூடாது. எவ்வளவு பண்பான மக்கள் நாங்கள்! அந்தப் பண்பினால் ஒருத்தியை முதலில் வீட்டிலிருந்தும், பிறகு பேச்சிலிருந்தும், கடைசியில் நினைவிலிருந்தும் துடைத்து எடுத்துவிட்டோம். ஒருவர்கூடத் தீயவரில்லை. யார்மேல் நான் கோபப்படுவது? எல்லாரையும் கூப்பிட்டீர்கள் என்று தோமாசாவிடம் வந்தவள் சொன்னது இப்போதுதான் எனக்கு விளங்கியது. மார்த்தினாவைக் கூப்பிட நாற்பது பேருடைய மரம் இருக்கிறது. இசபெலைப் பெற்ற இவளைக் கூப்பிட ஒரு நாக்கும் மீதமில்லை.

தோமாசா தன் வீட்டுப் பின்புறம் மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கத்தியை நிறுத்தாமலேயே கேட்டாள்.

“பேரு?”

“தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.”

“பேரில்லாமக் கூப்பிட்டா யாரு வந்து வாசல்ல நிப்பான்னு எனக்குத் தெரியாது, வாத்தியாரே. நான் அதைச் செய்யமாட்டேன்.”

“அப்போ மார்த்தினாவைக் கூப்பிடுவியா?”

“அவளைக் கூப்பிட்டா அவ வருவா. வந்து தின்னுட்டுப் போவா.” கத்தி ஒருகணம் நின்றது. “உங்க வீட்டுப் பொண்ணுக்கு என்ன ஆகும்னு கேக்காதீங்க.”

எலோதியா சன்னலோரம் தலையணைகளுக்கிடையே சாய்ந்திருந்தாள். அன்று காலைதான் சாயம் தோய்த்து உலர்த்திய ஆடை அவள் மடியில் மடித்துக் கிடந்தது. அவளிடம் சொல்லாமலிருக்கவே நான் முடிவுசெய்திருந்தேன். ஆனால், அவள் பேருந்து ஓட்டியவள். ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்தே அவரிடம் சில்லறை இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள்.

“என்ன மாமா, யாராவது தப்பாப் பேசிட்டாங்களா? நீங்க இப்படி மூஞ்சியை வச்சா ஊருல எவனோ ஒருத்தன் இலக்கணத்தைக் கொன்னுருக்கணுமே!”

நான் சிரிக்க முயன்றேன்.

“எச்சில் முடிவு வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“மார்த்தினா நம்ம பாட்டி இல்லையா?”

இல்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். முழு வாக்கியம் எனக்கு வரவில்லை. கொல்லையில் ஒருத்தி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டிருந்தார்கள். எலோதியா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்போ எனக்குள்ள பசிக்குதுன்னு உக்காந்திருக்கறவ யாரு?”

“தெரியலம்மா.”

“எங்கம்மாவுக்குள்ளயும் இவதான் இருந்திருப்பா இல்ல? அப்பவும் சொல்லிப் பாத்திருக்கா, பாவம்.” விரல்களால் அந்தத் துணியைப் பற்ற முயன்றாள்; துணி நழுவியது. “நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன் மாமா. நெசமாவே நெனச்சேன்.”

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

“விருந்தை நிறுத்தச் சொல்லிடட்டுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? ரோசால்வா சித்தி அவ்வளவு தூரத்துலருந்து புதுச் செருப்பெல்லாம் வாங்கிட்டு வந்திருக்கா. கடலுக்குப் போனவங்க நாளைக்கு வந்துருவாங்க. சித்தி வாயையும் அடக்கிவைங்க. ஆடட்டும் எல்லாரும்.” பிறகு துணியை என்னிடம் கண்ணால் காட்டினாள். “இதை எனக்குக் கட்டிவிடச் சொல்லுங்க.”

“உனக்கு இது...”

“உரிமை இல்லைன்னு சொல்லப்போறீங்களா? சொல்லிடாதீங்க மாமா. இன்னொருதரம் உங்க வாயால கேக்க முடியாது.”

மீன்பிடிக்கப் போனவர்கள் விடியலில் முரசொலியோடு கரையேறினார்கள். சடங்குக்கென்றே உள்ள மூதாதையர் மனையில் மூன்று முரசுகள் அதிர, தோமாசா மார்த்தினாவின் பெயரைச் சொல்லி அழைத்தாள். மார்த்தினா வந்தாள். ஹோண்டுராஸிலிருந்து வந்த ஒரு பெண்ணின்மேல் வந்தாள், நியூயார்க்குக்காரியின்மேல் வந்தாள், ரம் கேட்டாள், பேரப்பிள்ளைகளின் கன்னத்தைத் தடவினாள், சிரித்தாள், அழுதாள். அவர்கள் அவளுடைய பிள்ளைகள். அவர்களிடம் அவள் வருவது முறை. உண்மை தெரிந்த ரோசால்வாகூட ஒரு கட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகளை விரித்து ஆடினாள். எங்கள் எலோதியா நாற்காலியில், செம்மஞ்சள் ஆடையில், எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்தவர்களெல்லாம் அவள் முழங்காலைத் தொட்டு, “இப்ப எப்படியிருக்கு? சூடு வருதா?” என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள், “வருது, வருது,” என்றாள். என்னைப் பார்க்கும்போது மட்டும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி நாளில் மூதாதையர் உண்ட மிச்சத்தைத் தோணியில் ஏற்றிக்கொண்டுபோய் ஆழத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள். மக்கள் பாடிக்கொண்டே மனைக்குத் திரும்பினார்கள். நான் மட்டும் கரையில் நின்றேன். காற்று கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. சற்றுநேரத்தில் ஒரு மரவள்ளி ரொட்டி, ஊறிப் பருத்து வெளுத்து, அலையோடு மிதந்து வந்து மணலில் ஒதுங்கியது. நான் செருப்போடு நீரில் இறங்கி, அதை இரு கைகளாலும் ஏந்தி, இடுப்பளவு ஆழம்வரை கொண்டுபோய்த் தள்ளினேன். அது என் கைக்குள்ளேயே பிய்ந்துபோனது. திரும்புவதற்குள் துண்டுகள் என் கால்களைச் சுற்றி வந்துவிட்டன. பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருந்தது. அதற்கும் அப்பால், வெயிலில், இன்னும் பல வெள்ளை வட்டங்கள் கரையை நோக்கி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.