நாகவேணி சொன்னது

வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற ஊர் ராணியம்மாளுடையது, காரிமங்கலத்துக்கு மேற்கே. தெலுங்கில் நாலு கவிதைத் தொகுப்பு போட்டவர். ஏழு நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அதையெல்லாம் அங்கே யார் படித்தார்கள்? அவர் பெயர் நிலைத்தது நிறுத்திய கல்யாணங்களால்தான். பதினெட்டு நிறையாத பெண்ணுக்குப் பந்தல் போட்டால் பந்தக்காலைப் பிடுங்காமல் திரும்பமாட்டார்.

அவருடைய தம்பி முனிராஜ்தான் ஆந்திராவில் குப்பம் பக்கத்திலிருந்து மகனுக்குப் பெண் எடுத்தான். தாலி கட்டிய நாலாம் நாள் யாரோ போன் போட்டுச் சொல்லிவிட, பெண் நாகவேணியைத் தர்மபுரிக்கு விசாரணைக்கு அழைத்துவந்தார்கள். அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. விசாரணை அதிகாரி வெண்மதி, மொழிபெயர்க்க ராணியம்மாளைக் கூப்பிட்டார்.

"மாப்ள எந்தம்பி மவனுங்க மேடம். வேற ஆளப் பாருங்க."

"தெரியும்மா. உங்கள உட்டா நான் யார நம்பறது?"

வாசலில் முனிராஜ் வழிமறித்தான். "அக்கா, பதினெட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. பையன் ஜெயிலுக்குப் போயிருவான்."

ராணியம்மாள் அவனை விலக்கிவிட்டு உள்ளே போனார். தம்பிக்காகப் பொய் சொல்லப்போவதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

வயது பதினைந்து என்றாள் நாகவேணி. ராணியம்மாள் தமிழில் சொன்னார். அப்பா அடித்துச் சம்மதிக்கவைத்தார் என்றாள். அதையும் சொன்னார்.

"முன்னாடியே யாருகிட்டயாவது சொன்னாளான்னு கேளுங்க."

கேட்டார். நாகவேணி அவரையே பார்த்தபடி வெகுநேரம் பேசினாள்.

ராணியம்மாள் வாழ்த்துப்பா பாடாமல் தம்பி குடும்பத்தில் நிச்சயத் தாம்பூலம் மாற்றுவதில்லை. நாகவேணியின் நிச்சயத்தன்று அந்தப் பெண் காதோரம் சொன்னது அவருக்குக் கேட்காமல் இல்லை. நன்றாகவே கேட்டது. வெட்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

"என்னம்மா சொல்லுது?"

யாரிடமும் சொல்லவில்லையாம் என்றால் முடிந்தது. அந்த அறையில் வேறு யாருக்கும் தெலுங்கு தெரியாது. நாற்பது வருஷத்துப் பெயர் அப்படியே இருக்கும்.

"நிச்சயத்தன்னிக்குச் சொன்னாளாங்க. பத்தாவது படிக்கிறேன், காப்பாத்துங்கன்னு ஒரு அம்மா கையப் புடிச்சிட்டு அழுதாளாம். அந்தம்மா கைய உருவிக்கிட்டு பாட்டுப் பாடப் போயிட்டாங்களாம்."

வெண்மதி எழுதிக்கொண்டே, "யாரந்தம்மா? பேரு தெரியுமான்னு கேளுங்க" என்றார்.

ராணியம்மாள் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை.

"எம்பேர எழுதுங்க."